லீவு விட்டாச்சு, படித்ததெல்லாம் மறந்துவிடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நீளமானது, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். குரோம்பேட்டையில் வீடு, நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள், காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழாகிறது. மகன் ஆறாவது முடித்திருக்கிறான், பின்னம் என்றாலே ‘எனக்குக் கணக்கு வராது’ என்று எழுந்து போய்விடுகிறான். மகள் மூன்றாவது முடித்திருக்கிறாள். இங்கிலீஷ் ஓரளவு படிக்கிறாள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள், ஒரு வரி முடிவதற்குள் அழுகை வந்துவிடுகிறது. பகல் முழுக்க வீட்டில் உங்கள் மாமியார் மட்டும், 68 வயது, முழங்கால் வலி, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு படிக்கிற கண்ணாடி இன்னும் சரியாக அமையவில்லை. பக்கத்து ஃபிளாட் பிள்ளைகள் ரோபோட்டிக்ஸ், அபாகஸ் என்று சம்மர் கேம்ப் போகிறார்கள், நீங்கள் வாங்கிக் கொடுத்த ஒர்க்‌ஷீட் புத்தகம் மூன்று பக்கத்தோடு நிற்கிறது, பையன் கையில் எப்போதும் போன். ‘கேம்புக்குக் கட்டப் பணமில்லை, லீவு முடிவதற்குள் படித்ததெல்லாம் மறந்துவிடும்போல இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?’ இதுதான் உங்கள் கேள்வி.

மறதி உண்டு. இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைப் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்டார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்வாங்குகிறார்கள், அதிலும் கணக்குப் போடுவதும் ஸ்பெல்லிங்கும்தான் அதிகம் அடிவாங்குகிறது என்று அதில் வந்தது. கைப்பழக்கமாக வரவேண்டிய விஷயங்கள், பழக்கம் விட்டால் மங்கத்தான் செய்யும். ஆனால் அங்கே விடுமுறை பெரும்பாலும் இரண்டரை மாதம் வாக்கில், நமக்கு ஒன்றரை மாதம் சொச்சம். நன்றாகத் தெரிந்து மங்கியது ஜூன் மாதத்தில் திரும்பிவிடும். என் கவலை வேறு. உங்கள் மகளுக்குத் தமிழ் வாசிப்பும் மகனுக்குப் பின்னமும் மறந்துபோகப் போவதில்லை, ஏனென்றால் அவை இன்னும் வரவே இல்லை. வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சரிசெய்ய நேரம் கிடைக்காது, டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். இந்த லீவை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று, தினமும் இருபது நிமிடம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு பெரியவர். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடலாம், ஏழாவது கைடை மே மாதமே வாங்கி ஆரம்பிப்பது உட்பட.

கேம்ப் பற்றி ஒரு வார்த்தை. வசதியிருந்து பிள்ளைக்கும் ஆசையிருந்தால் அனுப்பலாம், தப்பே இல்லை, நாலு பிள்ளைகளோடு பழகும். ஆனால் அபாகஸ் போனால் கணக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அது முழு எண்களை வேகமாகக் கூட்டிக் கழிப்பதற்கான பயிற்சி, உங்கள் மகன் மாட்டிக்கொண்டு நிற்கிற இடம் வேறு. ஒர்க்‌ஷீட் மூன்று பக்கத்தோடு நின்றதற்கும் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் காரணம் இல்லை, அதைப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். யாரும் பார்க்காத ஒர்க்‌ஷீட்டை நாமும் போடமாட்டோம்.

சரி, மகளிடம் வருகிறேன். கற்றலில் தடுமாறும் பிள்ளைகளோடுதான் என் வேலை, அதில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் சென்னைப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம் இது: அ, ஆ தெரியும், க், ங் தெரியும், சேர்ந்து வந்தால் நின்றுவிடுவார்கள். காரணம் இருக்கிறது. ‘கெ’, ‘கே’ என்று எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’ என்றால் இரண்டு பக்கமும் குறி. இங்கிலீஷில் பழகிய மாதிரி இடமிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளை முதலில் கொம்பைப் பார்க்கும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும், அதற்குள் வரியின் ஆரம்பம் மறந்துபோகும், அப்புறம் அழுகை. இதற்காக 216 உயிர்மெய்யையும் உட்கார்ந்து உருப்போட வைக்காதீர்கள். காலும் கொம்பும் எந்த மெய்க்கும் அதேதான், இகரம் ஈகாரம் போடுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், ஒரு வரிசை நன்றாகப் பழகிவிட்டால் மற்றவை தன்னால் வந்துவிடும். உகரமும் ஊகாரமும்தான் எழுத்துக்கு எழுத்து ஒவ்வொரு விதமாக வளையும். கு, சு, டு, து, மு என்று எழுதிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அந்த இரண்டு வரிசைகளை மட்டும் தனியாக, நாளுக்கு மூன்று எழுத்தாக எழுதிப் பழகட்டும்.

வாசிக்க எதைக் கொடுப்பது? உங்கள் வீட்டு ஹாலில் தினசரி கிழிக்கிற காலண்டர் தொங்கும், இல்லாவிட்டால் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அதில் ராசிபலன் இருக்கிறதே, மேஷம் என்று போட்டு எதிரே ஒரே ஒரு வார்த்தை, வெற்றி, செலவு, அமைதி, தடங்கல் என்று, அதைவிட நல்ல வாசிப்புப் பாடம் இந்த நிலையில் இருக்கிற பிள்ளைக்கு எனக்குத் தெரியாது. பன்னிரண்டு ராசிப் பெயரும் தினமும் அதேதான், அதனால் ஒரு வாரத்தில் ரிஷபமும் விருச்சிகமும் எழுத்துக்கூட்டாமல் பார்த்தவுடனே வந்துவிடும், எதிரில் இருக்கிற வார்த்தை மட்டும் தினம் புதுசு. அதிலும் நேற்று வேறு ராசிக்குப் போட்டிருந்த வார்த்தை இன்று இன்னொரு ராசிக்குத் திரும்ப வரும். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் யாராவது ஒருவருக்கு அது என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கும். காலையில் நீங்கள் டிபன் கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் ஸ்டூல்மேல் ஏறித் தாளைக் கிழித்து எல்லாருடைய ராசியையும் படித்துச் சொல்லட்டும். ராசிபலனில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது வேறு விஷயம், அவள் படிப்பதற்கு அது உதவும்.

இது பத்து நாள் போகட்டும். பிறகு பாட்டிக்கு வாரப் பத்திரிகையில் எந்தப் பக்கம் பிடிக்குமோ அதிலிருந்து நாலு வரி. இங்கேதான் உங்கள் மாமியார் வருகிறார். ‘அவரால் கண்ணாடி இல்லாமல் படிக்கவே முடியாது, இவளுக்கு எப்படிச் சொல்லித்தருவார்?’ என்று எழுதியிருந்தீர்கள். படிக்க முடியாததுதான் இங்கே நமக்கு உதவி. பெரியவர் படித்துக்காட்டமுடியும் என்றால் பிள்ளை தன்னைச் சோதிக்கிறார்கள் என்று நினைக்கும். பாட்டிக்கு நிஜமாகவே கண் தெரியவில்லை, என்ன எழுதியிருக்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும், நீ படித்தால்தான் எனக்குத் தெரியும் என்றால் அது பரீட்சை இல்லை, உதவி. அதோடு அவர் காது நன்றாகத்தானே கேட்கிறது? ‘பளம்’ என்று படித்தால் ‘பழம்’ என்று திருத்துவதற்குக் கண் வேண்டியதில்லை.

அவரிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவையுங்கள். தடுமாறினால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுக்கட்டும், அதற்கும் வரவில்லை என்றால் வாக்கியத்தை வைத்து அது என்ன வார்த்தையாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்லிக் கொடுத்துவிடட்டும், ‘எழுத்துக்கூட்டிப் படிடி’ என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தவேண்டாம், நிறுத்தினால் கதை போய்விடும். இரண்டாவது, அதே நாலு வரியை மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படிக்கச் சொல்லட்டும். முதல் நாள் திக்கித்திணறிப் படித்தது மூன்றாம் நாள் சரளமாக வரும், அது அந்தப் பிள்ளைக்கே காதில் கேட்கும். அழுகை நிற்பதற்கு வேறு மருந்து தேவைப்படாது. அண்ணன்காரன் பக்கத்தில் நின்று சிரிக்கக்கூடாது, அதை மட்டும் நீங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜூனுக்குள் சின்னக் கதைப் புத்தகத்துக்கு வந்துவிடலாம். பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், நிலை ஒன்று, இரண்டு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அவள் வகுப்பைப் பார்க்காதீர்கள், நிலை ஒன்றிலேயே ஆரம்பியுங்கள், கஷ்டமில்லாமல் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன் என்பது அவளுக்கு இப்போது ரொம்ப முக்கியம்.

இதில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே அவளுக்குக் கண் பரிசோதனை செய்துவிடுங்கள், அப்படியே காதும். கரும்பலகை சரியாகத் தெரியாமலே இரண்டு வருடம் ஓட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணும் காதும் சரியாக இருந்து, தினமும் பயிற்சி செய்தும் ஜூலை வாக்கில் தமிழிலும் சரி இங்கிலீஷிலும் சரி முன்னேற்றமே இல்லை என்றால், அவளைத் திட்டாமல் ஒரு சிறப்புக் கல்வியாளரிடம் காட்டுங்கள். டிஸ்லெக்சியா என்பது எழுத்தைப் படிப்பதில் வருகிற கற்றல் சிரமம், நம் ஊரிலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது. இங்கிலீஷ் ஓரளவு வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் இப்போதைக்குக் குறைவுதான், நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியில்லை.

மகன். கணக்கு வராது என்று சொல்கிற பையனிடம் பின்னக் கணக்கை நீட்டினால் எழுந்து போகத்தான் செய்வான். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாகக் கூட்டி 2/6 என்று போடுவான் என்று நினைக்கிறேன், இந்த வயதில் மிகச் சாதாரணமாக நடக்கிற தப்பு அது. தப்பு என்று சொல்லாதீர்கள். ஒரே அளவில் இரண்டு டம்ளர் கொடுங்கள், ஒன்றில் அரை டம்ளர் தண்ணீர், இன்னொன்றில் கால் டம்ளர், இப்போது இதை அதில் ஊற்று. முக்கால் டம்ளர் நிற்கும். 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது அரை டம்ளரை விடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் ஊற்றிய பிறகு அரையைவிடக் குறையுமா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவனே யோசிப்பான். கீழே இருக்கிற எண் எத்தனை துண்டு என்பதைச் சொல்லவில்லை, எந்த அளவுத் துண்டு என்பதைச் சொல்கிறது என்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன்பிறகு ஐந்தாவது, ஆறாவது புத்தகத்திலிருந்தே நாளுக்கு ஐந்து கணக்கு, பத்து வேண்டாம். நீங்கள் இரவு வந்து பார்த்தே ஆகவேண்டும், டிக் அடித்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒன்றை எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள்.

தசமத்துக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. கரண்ட் மீட்டர். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், ஒரு அளவைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், மே மாதம் ஏசி ஓடுகிற வீட்டில் இது பெரியவர்களுக்கே தலைவலி. இந்தக் கணக்கை அவனிடம் ஒப்படையுங்கள். தினமும் காலை ஏழு மணிக்குக் கீழே போய் மீட்டரில் யூனிட் எண்ணிக்கையைக் குறித்துவரட்டும், எதையும் தொடாமல் பார்த்து எழுதுவது மட்டும்தான், டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும், அதில் எது யூனிட் என்று முதல் நாள் அப்பா கூடப் போய்க் காட்டட்டும். நேற்றைய எண்ணைக் கழித்தால் ஒரு நாள் செலவு. ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. நம் பழைய சீலிங் ஃபேன் 75 வாட், அப்படியானால் எத்தனை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்? 1000-ஐ 75-ஆல் வகுக்க வேண்டும், 13.333 என்று மூன்று முடியாமல் வந்துகொண்டே இருக்கும், அதாவது பதின்மூன்றும் மூன்றில் ஒரு பங்கும், அந்த மூன்றில் ஒரு பங்கு மணி நேரம் என்பது எத்தனை நிமிடம்? இருபது என்று கண்டுபிடிக்கும்போது பின்னமும் தசமமும் ஒன்றுதான் என்பதும் கூடவே வந்துவிடும். டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி என்று எல்லாவற்றின் பின்னாலும் போய் வாட் பார்த்துவிட்டு வருவான் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் குடும்பத்துக்கு ரிப்போர்ட் சொல்லவேண்டும்: இந்த வாரம் இவ்வளவு, இதே வேகத்தில் போனால் பில் எடுக்க வரும்போது இவ்வளவு. அவன் சொல்வதை நீங்களும் கணவரும் மதித்துக் கேளுங்கள், ஏசியை இத்தனை மணிக்கு அணைக்கலாம் என்றால் அணையுங்கள்.

போன் விஷயத்தில் பாதி வேலையை நீங்கள்தான் செய்யவேண்டும். அவசரத்துக்குப் பேச வேண்டும் என்று ஒரு பழைய ஸ்மார்ட்போனை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறீர்கள், அதைப் பத்து மணி நேரம் கண்முன்னால் வைத்துக்கொண்டு தொடாதே என்று பாட்டி பன்னிரண்டு வயதுப் பையனோடு மல்லுக்கட்டவேண்டும் என்றால் நடக்காது. பேசுவதற்கு ஒரு பட்டன் போன் வாங்கி வையுங்கள். ஸ்மார்ட்போன் உங்கள் ஹேண்ட்பேக்கில் ஆபீஸ் வரட்டும். ராத்திரி ஒரு மணி நேரம் அவனுக்குத் தாராளமாகக் கொடுங்கள், அந்த நேரத்தில் குத்திக்காட்டாதீர்கள். நாலைந்து நாள் கத்துவான், போர் அடிக்கிறது என்பான். அடிக்கட்டும். பரணில் பல்லாங்குழி இருந்தால் இறக்குங்கள், இல்லாவிட்டால் தாயக்கட்டை, பாட்டி ஆடாத ஆட்டமா? வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல் கீழே கிரிக்கெட். கத்திரி முடிகிறவரை காலை ஒன்பதுக்கு மேல் ஐந்து வரைக்கும் வெளியே அனுப்பவேண்டாம்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மொட்டைமாடியில் ஐந்தே நிமிடம். மதியம் 12 மணி 5 நிமிடம் வாக்கில் ஒரு முப்பது சென்டிமீட்டர் குச்சியை நேராக நிறுத்தி நிழலைப் பார்க்கட்டும், காலில் செருப்பு இருக்கவேண்டும். சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிட்டு வடக்கே தாண்டிப் போய்விடும், ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்ப உச்சிக்கு வரும். அதனால் இந்த மாதங்களில் உச்சிவேளை நிழல் தெற்குப் பக்கம் விழும். மே 20 வாக்கில் அந்தக் குச்சிக்கு நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மற்ற மாதங்களில் அது வடக்கே விழுவதையும் அவன் பார்க்கவேண்டும், வாரா வாரம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தால் ஆகஸ்ட் கடைசியில் தானே தெரியும்.

வெளியே போவதென்றால் மாதம் இரண்டு முறை போதும். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கி அரசு அருங்காட்சியகம் போகலாம், 1851-இல் ஆரம்பித்தது, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரே நாளில் முழுசையும் பார்க்க வைக்காதீர்கள், கால் வலிக்கும், பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். வெண்கலச் சிலைக்கூடம் மட்டும், அதில் பிடித்த ஒரு சிலையைப் பார்த்து வரைந்துகொண்டு வந்தால் அன்றைக்குப் போதும். வழியில் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயர்ப்பலகையையும் சின்னவள் தமிழில் படிக்கட்டும், பழவந்தாங்கல் வரும்போது பாட்டி சொல்லிக் கொடுத்த ழ வருகிறதா பாருங்கள். இன்னொரு ஞாயிறு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், ஏசியும் உண்டு.

ஸ்கூலில் கொடுத்த ஹாலிடே ஹோம்வொர்க்கைக் கேட்டிருந்தீர்கள். சார்ட் வேலையை நீங்கள் உட்கார்ந்து ராத்திரி பதினொரு மணிக்கு வெட்டி ஒட்டாதீர்கள், கோணலாக இருந்தாலும் அவர்களே செய்யட்டும். ஸ்கூல் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது தூங்குகிற நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முதலில் செய்யவேண்டும். இந்தத் திட்டம் முழுக்க உங்கள் மாமியாரை நம்பித்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் கடிதத்தில் அவரிடம் எதுவும் கேட்ட மாதிரி தெரியவில்லை. பிள்ளைகளிடம் அறிவிப்பதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரியே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், எந்த நேரம் அவருக்குத் தோது என்று கேளுங்கள். முழங்கால் வலியோடு சமையலும் பார்த்துக்கொண்டு பிள்ளைகளையும் பார்ப்பவருக்கு இது இன்னொரு வேலையாகிவிடக்கூடாது, மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அவர் படுக்கிற நேரம் என்றால் அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் சத்தமே கூடாது என்பது இருவருக்கும் முதல் விதி. மகளின் கண் பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கண்ணாடியையும் சரிசெய்துகொண்டு வாருங்கள். கண்ணாடி வந்த பிறகும் சின்னவளே படித்துக்காட்டட்டும்.